முருகன் மறைந்த இடம்

எங்கள் வீட்டில் சித்தி வெளியே கிளம்பினால் துணைக்கு நான் போகவேண்டும். அது அம்மா போட்ட சட்டம். சித்திக்கு இருபத்துநாலு வயது, எனக்கு ஒன்பது. யாருக்கு யார் துணை என்று ஒருவரும் கேட்டதில்லை. புனே பக்கத்துத் தேஹு ரோடு ஸ்டேஷனில் கூட்டம் நெருக்கினால் சித்திதான் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். இருந்தாலும் வயசுப் பெண் தனியாகப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், கூடவே ஒரு வாண்டு ஒட்டிக்கொண்டு போனால் அந்த நாலு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. திரும்பி வந்ததும் சமையலறையில் விசாரணை நடக்கும். எங்கே போனீர்கள், யாரோடு பேசினாள், என்ன பேசினாள். எனக்கு அந்த உத்தியோகம் ரொம்பப் பிடிக்கும். கையில் ஒரு தேங்காய்ச் சில்லு கொடுத்தால் போதும், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். அது அந்தப் பாறை விஷயம். காப்பாற்றினேன் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தாள். அப்பாவுக்கு ராணுவ டெப்போவில் வேலை. சித்திக்குப் போசரியில் ஒரு கம்பெனியில், செய்து முடித்த இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து இது தேறும், இது தேறாது என்று பிரிக்கிற வேலை. அந்தப் புத்தி வீட்டிலும் விடாது. அம்மா சுட்ட தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அக்கா, இது ரிஜெக்ட்" என்பாள். அம்மா கரண்டியை ஓங்குவாள்.

அந்தக் கம்பெனியில் சித்தியோடு வேலை செய்த ஒரு மராத்திக்காரப் பெண்ணுக்கு மலையேறுவதில் பைத்தியம். அவளைத் தாயி என்று கூப்பிடுவோம். மராத்தியில் அக்காவுக்கு அதுதான் மரியாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயி சித்தியை ஏதோ ஒரு கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் ஏற்றிவிட்டாள். கம்பெனி டூர் என்று வீட்டில் சொல்லியிருந்ததால் அன்றைக்கு மட்டும் என் துணை தேவைப்படவில்லை. சாயங்காலம் சித்தி திரும்பிவந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முட்டியெல்லாம் சிராய்ப்பு, நகக்கண்ணில் மண், தலை பரட்டை. முகம் மட்டும் அப்போதுதான் துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தாள். "மாப்பிள பாத்துக்கினு இருக்கற நேரத்துல இன்னாடி இது? தழும்பு விழுந்தா அவுங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முட்டியை எப்போது பார்ப்பார்கள் என்று அப்பா ஒரு சந்தேகம் கேட்டார். அம்மா முறைத்த முறைப்பில் அவர் பேப்பருக்குள் போய்விட்டார். கோட்டை, மலை எல்லாவற்றுக்கும் அத்தோடு தடை. குரங்காட்டம் தொங்குவதற்கா படிக்கவைத்தது? வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயிலுக்குப் போகட்டும், நல்ல இடம் அமையும்.

சித்தி சரி என்று தலையாட்டினாள். தூரத்துப் பாறைக்குத்தானே தடை என்று அவள் மனசில் நினைத்திருக்கவேண்டும். பக்கத்திலேயே ஒரு பாறை தேட ஆரம்பித்தாள்.

மழை ஓய்ந்திருந்த நேரம். மலையெல்லாம் பச்சை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது பார்த்துக்கொண்டே போவாளாம். பச்சைக்கு நடுவில் எங்கே கறுப்பாகத் தெரிகிறதோ அங்கே பாறை நிமிர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். எந்த மரத்துக்குப் பக்கத்தில், எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு நேரே என்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, எனக்குப் பாவாடை சட்டை மாட்டிவிட்டு, தான் சல்வாருக்குள் ஒரு பழைய டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, "கோயிலுக்குப் போறோம்க்கா" என்று கிளம்புவாள். பொய் இல்லை. முதலில் கோயிலுக்குத்தான் போவோம். பூசாரி ஊரிலிருந்து வரவழைத்த தமிழ்த் தினசரிக் காலண்டரில் போன தேதிகளின் தாளைக் கிழித்து அதில் விபூதி மடித்துத் தருவார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் பின்பக்கமாக இறங்கி மலைக்குள் நடையைக் கட்டுவோம்.

முதல் வாரம் கண்டுபிடித்த பாறை எருமை முதுகு மாதிரி இருந்தது. நானே ஓடி ஏறிவிட்டேன். "த்தூ, ரிஜெக்ட்" என்றாள். அடுத்த வாரத்துப் பாறை நல்ல உயரம், ஆனால் நட்டநடுவில் தேன்கூடு, இவ்வளவு பெரிசு. நாங்கள் திரும்பி ஓடிய ஓட்டத்தில் என் செருப்பு ஒன்று அங்கேயே போய்விட்டது. கோயில் வாசலில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னோம். இன்னொரு பாறை ராணுவ வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேலியோரம் நின்று சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகாரக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நான் நிற்பேனே, அந்த மாதிரி. ஒரு ஜவான் வந்து, "க்யா ஹை? சலோ, சலோ" என்று விரட்டிவிட்டான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் ஓர் ஓடையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். களாச் செடி முள் என் பாவாடையைக் கிழித்தது. நான் வீட்டுக்குப் போகலாம் என்று அழ ஆரம்பித்தேன். "இந்த வளைவு மட்டும் பாத்துட்டுப் போய்டலாம்டி, என் கண்ணு இல்ல" என்று சித்தி என்னை முதுகில் ஏற்றிக்கொண்டாள். வளைவு திரும்பியதும் அது நின்றது. எங்கள் குவார்ட்டர்ஸ் மாடி உயரம் இருக்கும். கரேலென்று, நேராக, உச்சியில் ஒற்றை மரத்தோடு. சித்தி என்னை இறக்கிவிட்டு, பக்கத்தில் போய், இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. சித்தி அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது சோதனை. மடக்கிய விரல் முட்டியால் பாறையை ஓரிடம் விடாமல் தட்டிப் பார்த்தாள். கடையில் தேங்காய் தட்டுவது போலத்தான். டங்கென்றால் தேறும். டொப்பென்றால் உள்ளே விரிசல், பிடித்தால் கையோடு வந்துவிடும். அப்படிப்பட்டதைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். பொந்துகளில் இருந்த மண்ணையும் பாசியையும் சுரண்ட, அப்பா ஸ்கூட்டரில் துரு தேய்க்கிற கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை ஒரு புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டு வருவோம். அப்பா அந்த பிரஷ்ஷை வாரக்கணக்கில் தேடினார். பக்கத்து வீட்டு மாமா இரவல் வாங்கிக்கொண்டு போய் அமுக்கிவிட்டார் என்று முடிவுகட்டி, அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சித்தி என்னிடம் சத்தியம் வாங்கினாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் 'ஆயீ ஷப்பத்'தான் பெரிய சத்தியம், அம்மா மேல் ஆணை என்று அர்த்தம். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று அம்மா மேலேயே சத்தியம் செய்துகொடுத்தேன். பதிலுக்கு அவள் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். அவள் மேலே ஏறி முடிக்கிற அன்றைக்கு எனக்கும் இடுப்பில் கயிறு கட்டி மேலே ஏற்றிவிடுவாள். உச்சியில் இரண்டு பேரும் உட்கார்ந்து வடாபாவ் தின்போம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் தெரியும், ரயில் தெரியும், ஒருவேளை அவளுடைய போசரிக் கம்பெனிகூடத் தெரியும்.

பாறைக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் உச்சிக்கு நடந்தே போய்விடலாம். சித்தி கூப்பிட்டுத் தாயியும் வருகிற ஞாயிறுகளில் அவள் அப்படித்தான் போய் மரத்தில் கயிறு கட்டிவிட்டு வருவாள். "மேல போறதுக்கு அங்க வழி இருக்கே சித்தி, வா, அப்படியே போய் உக்காந்துக்கலாம்" என்று நான் கேட்டேன். சித்தி என் தலையில் குட்டினாள். "நடந்து போனா இன்னாடி இருக்குது?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. வடாபாவ் ஒன்றுதானே என்று தோன்றியது.

வேர்க்கும் விரல் வழுக்காமல் இருக்கத் தாயி ஒரு துணிப் பையில் வெள்ளைப் பொடி கொடுத்திருந்தாள். அதில் கையை விட்டு எடுத்துத்தான் பாறையைப் பிடிக்கவேண்டும். ஒருநாள் அம்மா, "இன்னாடி கையெல்லாம் வெள்ளையா?" என்று கேட்டபோது, சித்தி அசராமல், "விபூதிக்கா. இன்னிக்குப் பூசாரி அள்ளிக் குடுத்துட்டாரு" என்றாள். அம்மாவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. தங்கைக்குப் பக்தி வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பின்னால் நடந்தது அத்தனைக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

பாறையில் கீழே ஒரு வெடிப்பு. கையை நுழைத்து முஷ்டியை மடக்கினால் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. அப்புறம் கையகலத்துக்கு ஒரு திட்டு, அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கலாம். வம்பு அதற்கு மேலே. ஓர் ஆள் உயரத்துக்கு வழவழவென்று பாறை. இடது காலை ஒரு சரிவில் அழுத்தி, வழுக்காது என்று நம்பி எழும்பினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடி வலது கைக்கு எட்டும். தாயி நெடுநெடுவென்று வளர்ந்தவள், அவளுக்கு எட்டியது. சித்திக்கு எட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் விழுவாள். கீழே தாயி கயிற்றை இறுக்க, சித்தி அந்தரத்தில் ஆடிக்கொண்டு, "தத் தேரே கீ" என்று இந்தியில் அலுத்துக் கத்துவாள்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறவளுக்குத் தன் கால் தெரியாது. கீழே தள்ளி நிற்கிற எனக்குத்தான் தெரியும். "சித்தி, லெஃப்ட் கால் இன்னும் மேல! இன்னும் ஒரு ஜாண்! ஹான், அங்கதான்!" என்று கத்துவேன். நான் சொன்ன இடத்தில் அந்தக் கால் தடவித் தடவி வந்து உட்காரும். பெரியவர்கள் யாரும் என் பேச்சை அந்த மாதிரி கேட்டதில்லை. அடேயப்பா, எனக்கு அப்போது வந்த கர்வம்!

புரட்டாசியில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. ஆம்பூரிலேயே தோல் பேக்டரியில் சூப்பர்வைசர். போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தேறும்" என்றாள் சித்தி. அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. தையில் கல்யாணம். கார்த்திகை பிறந்ததும் ஊருக்குக் கிளம்பவேண்டும். கம்பெனியில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஓர் அவசரம் வந்துவிட்டது. "ஒரு தடவடி. ஒரே ஒரு தடவ மேல கால வெச்சுட்டுப் போய்ட்டேன்னா போதும்" என்பாள். என்னிடம் சொல்கிறாளா, பாறையிடம் சொல்கிறாளா என்று தெரியாது.

தீபாவளி முடிந்த கையோடு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் விரல் பட்டுவிட்டது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத பிடியில், விரல் நுனி மட்டும். பட்டதும் வழுக்கி விழுந்தாள். ஆனால் கயிற்றில் ஆடிக்கொண்டே, "பட்டுச்சுடி! தாயி, லாக்லா, லாக்லா!" என்று இரண்டு பாஷையிலும் கூவினாள். தாயி கீழே துள்ளிக் குதித்தாள். நானும் குதித்தேன். அடுத்த ஞாயிறு நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் குதியில்தான் என் கையிலிருந்த விபூதிப் பொட்டலம் விழுந்திருக்கவேண்டும். வீட்டுக்கு வந்தபிறகுதான் காணோம் என்று தெரிந்தது. விபூதிதானே என்று விட்டுவிட்டோம்.

அந்த வாரம் கந்த சஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. காட்டுச் சீத்தாப்பழம் பழுக்கிற சமயமும் அதுதான். சஷ்டியன்று மத்தியானம் எதிர்வீட்டு அத்தையும் இன்னும் இரண்டு பேரும் பழம் பறிக்க ஓடைப்பக்கம் போயிருக்கிறார்கள். பழத்தைத் தேடி வளைவு திரும்பினால், எதிரே கரும்பாறை. பாறையில் விபூதிக் கை. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக, அஞ்சு விரலும் தெரிய, மனுஷர் எட்டாத உயரத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது. கீழே ஒரு பொட்டலம். பிரித்தால் அசல் விபூதி. அதுவும் தமிழ்க் காலண்டர் தாளில்! இங்கத்திச் சாமியாக இருந்தால் தமிழ்த் தாளில் விபூதி மடித்து வைக்குமா என்று அத்தை கேட்டாள். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் விஷயத்தில் குரங்காட்டம் தொங்கப்போய்ச் சாமியாய் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே கிளம்பிவிட்டது. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். சித்தி தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை. கல்யாணப் பெண், சஷ்டி வாரத்தில், சாமி தேடி வந்திருக்கிற நேரத்தில் படுத்துக்கிடப்பதாவது? தாயி கயிற்றோடு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் மொபைல் கிடையாது. சித்தி என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டு அந்த ஓடையில் நடந்தாள்.

பாறைக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் எட்டின மட்டும் அந்த வெள்ளைக் கைகளைத் தொட்டுத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை ஒரு விரலால் வழித்து என் நெற்றியிலும் சித்தியின் நெற்றியிலும் பூசினாள். "நல்ல புருஷனா, நல்ல வாழ்க்கையா அமையும்டி, போ." சித்தி தன் கைப்பொடியைத் தன் நெற்றியில் வாங்கிக்கொண்டு நின்றாள். யாரோ ஒருவர் மேலே காட்டி, "அந்தத் திட்டுக்கு மேல பாருங்க, ஒண்ணும் இல்ல. அங்கதான் முருகன் மறைஞ்சிட்டாரு" என்றார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது சித்தி விழுகிற இடம்.

அப்பா கொஞ்சம் தள்ளிப் புதரோரம் நின்றார். குனிந்து எதையோ எடுத்தார். அவருடைய கம்பி பிரஷ். அதைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். போச்சு, தொலைந்தோம் என்று நான் நினைத்தேன். அவர் பிரஷ்ஷை வேட்டி இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எந் தங்கச்சியும் பொண்ணும் வாரா வாரம் இந்த மலைக்குத்தான் வர்றாங்க" என்று சொல்லிவிட்டாள். கூட்டம் என் பக்கம் திரும்பியது. அத்தை என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். "கண்ணு, உனக்குத் தெரியுமா இது யாரு கையின்னு? யாரனா ஏறனதப் பாத்தியா?"

கூட்டத்துக்குப் பின்னால் சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் கும்பிட்டபடி இருந்தன. உதடு லேசாகத் திறந்திருந்தது. சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆயீ ஷப்பத் போட்ட பிறகும் இந்தச் சித்திக்கு என்மேல் நம்பிக்கை இல்லையே என்று கோபம்கூட வந்தது.

"பாத்தேன்" என்றேன். "ஒரு பையன்."

"பையனா! சின்னப் பையனா?"

"ம். சின்னப் பையன். சிரிச்சுக்கினே ஏறினான்."

"சட்ட போட்டுக்கினு இருந்தானா, கோவணமா?"

கோவணம் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவள் கேட்ட தோரணையில் அதுதான் சரியான விடை என்று பட்டது. தலையாட்டினேன். அவ்வளவுதான். அத்தை "முருகா!" என்று அலறிக்கொண்டு என் காலிலேயே விழுந்தாள். அம்மா என்னை வாரியெடுத்து அழுதாள். யாரோ விளக்குக்குக் கொண்டுவந்த நல்லெண்ணெயை எல்லாம் பாறைக்கு அபிஷேகமாக ஊற்றினார்கள். அந்த வெடிப்பில், முஷ்டி மாட்டுகிற இடத்தில், எண்ணெய் வழிந்து இறங்கியது. புளியங்கொட்டை மேட்டில் மஞ்சளும் குங்குமமும் அப்பினார்கள். இனிமேல் இதில் யாரும் கால் படக்கூடாது, வேல் நடவேண்டும், சுற்றி வேலி போடவேண்டும் என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. நான் அம்மா இடுப்பில் இருந்தபடி சித்தியைப் பார்த்துக் கண்ணடித்தேன். காப்பாற்றிவிட்டேன் பார்த்தாயா என்று.

தாயி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கயிற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடையோரம் நின்றாள். "காய் ஜால க?" என்று கேட்டாள், என்னடி ஆச்சு என்று. "கார்த்திக் சுவாமி ஆலே" என்றாள் சித்தி, சாமி வந்துவிட்டார் என்று. மராத்திக்காரர்கள் நம் முருகனை அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்கு அவர் கட்டைப் பிரம்மச்சாரி. கார்த்திகைப் பௌர்ணமி ஒருநாள் தவிர மற்ற நாளில் பெண்கள் அவரைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கோட்டைச் சுவரெல்லாம் ஏறுகிற அந்தத் தாயி, முதலில் சிரித்தாள். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்பது போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, பாறைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

இறங்கி வரும்போது சித்தியும் நானும் பின்தங்கிவிட்டோம். அவள் ரொம்ப தூரம் சிரித்துக்கொண்டே வந்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. பிறகு நின்று, என் எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"ஏன்டி பையன்னு சொன்ன? ஒரு பொண்ணுன்னு சொல்லக்கூடாதா?"

"பொண்ணு ஏறினான்னா யாரு சித்தி நம்புவாங்க?" என்றேன்.

சித்தி முந்தானை போலத் துப்பட்டாவை இழுத்து என் நெற்றியில் அத்தை பூசிய பொடியைத் துடைத்துவிட்டாள். கார்த்திகையில் அம்மா அவளை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். பாறையில் ஏறத் தாயி கொடுத்திருந்த ரப்பர் ஷூவையும் பொடிப் பையையும் சித்தி அவளுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். எனக்குக் கட்டுவதாகச் சொன்ன கயிற்றைப் பற்றி நானும் கேட்கவில்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. துணைக்குப் போக யாரும் இல்லை.

நான் இப்போது பக்கத்திலேயே நிக்டியில் இருக்கிறேன். அந்தப் பாறைக்குத் தகரக் கூரை வந்து, மணி வந்து, சஷ்டிக்குச் சஷ்டி கூட்டமும் வருகிறது. உச்சிக்குப் போக இரும்புப் படி வைத்திருக்கிறார்கள். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று மனசு கேட்காமல் போனேன். படியில் ஏறி உச்சியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் இடம். குவார்ட்டர்ஸ் தெரிந்தது, ரயில் தெரிந்தது. போசரிப் பக்கம் ஒரே புகை. என்னவோ போல இருந்தது. ஆம்பூருக்கு வீடியோ கால் போட்டேன்.

சித்திக்கு இப்போது நாற்பத்தாறு வயது, முட்டிவலி. போனைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி எல்லாவற்றையும் பார்த்தாள். ரயிலைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "எப்டி ஏறின?" என்று கேட்டாள்.

"படி இருக்குது சித்தி."

"ம்" என்றாள். "அந்தத் திட்டுக்கு மேல எண்ண ஊத்தியிருக்காங்களா, பாரு." எட்டிப் பார்த்தேன். அவ்வளவு உயரத்துக்கு யாரும் ஊற்றவில்லை, பாறை காய்ந்து சுத்தமாக இருந்தது. சொன்னேன். சித்தி வலது கை விரல்களைத் தன்னையறியாமல் மடக்கி மடக்கிப் பிரித்தாள்.

சூழ்நிலையை லேசாக்கலாம் என்று, "எது எப்படியோ, அன்னிக்கு அத்தன பேர் கேட்டும் நான் உன் பேரச் சொன்னேனா?" என்று பெருமை அடித்தேன்.

"சொல்லியிருக்கலாம்டி" என்றாள் சித்தி. "அக்கா ரெண்டு அற விட்டிருப்பா. வாங்கிக்கினு இருந்திருப்பேன். அத்தன பேரு அண்ணாந்து பாத்துக்கினு நிக்கறாங்க, இது எங்க சித்தி கையின்னு ஒரு வார்த்த... நீ சொல்லிடுவேன்னுதான் நான் உன் மூஞ்சியே பாத்துக்கினு நின்னேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். கும்பிட்ட கையோடும் திறந்த உதட்டோடும் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சொல்லாதே என்று கெஞ்சுவதாகவே இருபது வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்.